வெள்ளித் தகட்டில் ஒரு தங்கச்சி

சிவபாதம் மீன் பொரிப்பதை நிறுத்திவிட்டார் என்ற செய்தி விட்பி நகருக்குப் போய்ச் சேர்ந்தபோது, அப்பாவுக்கு ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டது என்றுதான் அங்கே இருக்கிற மகள் தர்சிகா நினைத்தாள். மனிதர் அப்படிப்பட்ட மீன் பைத்தியம். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் அவர் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றாலே இன்றைக்கு விளைமீனா பாரையா என்று சொல்லிவிடலாம். லிப்டில் வருகிற பிலிப்பீன்காரிகூட மூக்கை உறிஞ்சிவிட்டு அவரைப் பார்த்துச் சிரிப்பாள்.

“டொக்டர் ஏதும் சொன்னவரோ அப்பா? கொலஸ்ட்ரோலோ?”

“அதொண்டும் இல்லை. வீட்டிலை படங்கள் இருக்கு. எண்ணெய்ப் புகை அதுகளுக்குக் கூடாது.”

“என்ன படம்?”

“எதிர்வீட்டு மரியோவின்ரை படங்கள். பழைய காலத்துத் தகட்டுப் படம்.”

“ஆற்றையோ தகரத்துக்காக நீங்கள் ஏன் வாயைக் கட்டுறியள்? அந்தாளே நேர்சிங் ஹோமுக்குப் போயிட்டுது” என்றாள். அவர் பதில் சொல்லத் தொடங்கும்போது அவளுக்கு வேறு போன் வந்துவிட்டது. நல்ல பிள்ளை. ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் போன் எடுப்பாள். ஞாயிற்றுக்கும் ஞாயிற்றுக்கும் இடையில் கிடக்கிற நாட்களுக்கு அவள் என்ன செய்வாள், பாவம்.

சிவபாதத்தின் கனடா வாழ்க்கை ஒன்றும் கதைப்புத்தகம் இல்லை. அகதியாக வந்தார். இதே கட்டடங்களில் ஒன்றில் பெடியன்களோடு பெடியனாக நெருக்கியடித்துப் படுத்தெழும்பினார். பிறகு ஊரிலிருந்து யோகராணியைக் கூப்பிட்டுக் கல்யாணம் முடித்தார். ஸ்காபரோவில் தண்ணீர்க் குழாய்களுக்கும் கதவுக் கைபிடிகளுக்கும் நிக்கலும் குரோமும் பூசுகிற தொழிற்சாலையில், ஓய்வு பெறும்வரை அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கூட வந்தவர்கள் எல்லாரும் மார்க்கம், யூனியன்வில் என்று வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். இவரும் யோகராணியும் அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று இருந்தார்கள். ஒரு வருசம் யோகராணி இல்லாமல் போனாள். அதற்குப் பிறகு அவருக்கு வீடு என்னத்துக்கு?

மனைவி போன பிறகு சில நாட்கள் காலையில் பால் வாங்கப் போகிற கடையில் “தாங்க்யூ” என்று சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அதையும் காசு வாங்குகிற மெசின் வந்து கெடுத்துவிட்டது. ரீவியைப் போட்டுவிடுவார், யாரோ வீட்டில் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. மனிதருக்குத் தனிமை கொடுமையாகத்தான் இருந்தது. ஆனால் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நல்லாயிருக்கிறன், ஒரு பிரச்சினையும் இல்லை என்பார். யாழ்ப்பாணத்து ஆம்பிளைகளிடம் இதைவிட வேறு பதில் வாங்கியவர்கள் உண்டோ தெரியாது.

மரியோ எதிர்க் கதவு. இத்தாலிக்காரர், ஊரெல்லாம் குளியலறைக்கு மாபிள் பதித்தவர், கல்யாணமே செய்யாதவர். கனகாலமாக இருவருக்கும் தலையசைப்புத்தான். ஒருநாள் தீயணைப்பு மணி அடித்து, லிப்ட் நின்று, எல்லாரும் படியால் இறங்கினார்கள். பாதி வழியில் சிவபாதம் முழங்கால் மடிந்து குந்திவிட்டார். அதே படியில் மரியோ ஏற்கெனவே குந்திக்கொண்டிருந்தார். நெருப்பு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வேகலாம் என்று மரியோ கையால் காட்டினார். நெருப்பு ஒன்றும் வரவில்லை. மேலே யாரோ பாண் துண்டைக் கருக்கியிருந்தார்கள். அன்று மாலை மரியோ வீட்டில் கோப்பி. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் கோப்பி.

இருவருடைய இங்கிலீசும் வேலைத்தளத்தில் பொறுக்கியது. இவர் சொல்லாத சொல்லை அவர் கையால் சொல்வார். அந்தப் பேச்சைத் தமிழில் போட்டால் நீர், நான் என்றுதான் வரும், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

படங்களை மரியோ உடனே காட்டிவிடவில்லை. ஆளைப் பார்த்துப் பழகிய பிறகுதான் பெட்டி வெளியே வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற இரும்புத் தகடுகள். கறுப்புப் பூசிய தகட்டின்மேலேயே படம் பிடித்திருந்தார்கள், காகிதம் கிடையாது. முறுக்கு மீசைக்காரன், முகத்தைச் சுளித்த கல்யாணச் சோடி, நாயை மடியில் வைத்த பெண். நூற்றாண்டு தாண்டிய ஒன்ராரியோ முகங்கள். பேரப்பிள்ளைகளுக்கு யார் எவர் என்று தெரியாமல் போக, ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தைகளுக்கு வந்து சேர்ந்தவை.

“இவையளுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை. அதாலை எனக்குச் சொந்தம்” என்றார் மரியோ.

சாப்பிட்ட கையைக் காற்சட்டையில் துடைக்கிற மனிதர், அந்தப் பெட்டியைத் திறக்கும்போது வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டார். சிவபாதத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டங்கள் கடுமை. விளிம்பில்தான் பிடிக்கலாம். முகத்தில் விரல் படக்கூடாது. ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறைக்குள். ஈரம் ஆகவே ஆகாது. தகட்டுக்கு அடியில் துரு பொருக்காக எழும்பி, முகத்தைத் தோலோடு உரித்துக்கொண்டு போய்விடும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளைச் சேர்த்துவைத்துப் படப்பெட்டிக்குள் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, துடைக்கக்கூடாது. தூசி பிடித்தால் தூசியோடு இருக்கட்டும்.

கடைசியாக எடுத்தது ஒரு சின்னப் பேழை. உள்ளே சிவப்பு வெல்வெட்டு, பித்தளைச் சட்டம், கண்ணாடி. இது இரும்பில்லை என்று சிவபாதம் பார்த்த உடனே சொல்லிவிட்டார். செம்புத் தகட்டுக்கு மேலே வெள்ளிப் பூச்சு. நேரே பார்த்தால் முகம் பார்க்கிற கண்ணாடிதான். கொஞ்சம் சரித்தால் உள்ளிருந்து ஒரு சிறுமி எழும்பி வந்தாள். சுருள் சுருளாகத் தொங்கும் முடி. கதிரையின் முதுகைப் பிடித்த கை. சிரிக்கலாமா வேண்டாமா என்ற வாய்.

“என்ரை தங்கச்சி” என்றார் மரியோ.

சிவபாதம் மனதுக்குள் கணக்குப் பார்த்து விழித்தார். படம் மரியோவின் பாட்டன் காலத்துக்கும் முந்தியது. மரியோவே சொன்னார். தங்கச்சி காய்ச்சலில் போனபோது அவருக்குப் பத்து வயது. வீட்டில் சப்பாத்துக்கே வழியில்லை, படம் எங்கே எடுப்பது? அவளுடைய ஒரு படமும் உலகத்தில் கிடையாது. பிறகு கனகாலம் கழித்து, இந்த ஊரில், ஒரு சந்தை மேசையில் இவள் கிடந்தாள். அதே மூக்கு, அதே வாய். மரியோ அந்த மேசைக்கு முன்னாலேயே நின்று அழுதாராம். இரும்புப் படங்கள் எல்லாம் அவளுக்குத் துணையாகப் பிறகு வாங்கியவை.

பனிக்காலத்தில் மரியோ நடைபாதையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நேர்சிங் ஹோம். சப்வேயும் பஸ்ஸும் மாறிப் போகவேண்டிய தூரம். இரண்டு பேருக்கு ஒரு அறை. கட்டிலோரம் சுடுகிற ஹீற்றர். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்காது.

“படங்களை நீர் வைச்சிரும். உம்மை விட்டா எனக்கு ஆர்?” என்று மரியோ தன் வீட்டுக் கதவின் திறப்பைக் கொடுத்தார்.

எதிர்வீடு காலியாகி, ஒரு இளம் சோடி குடிவந்தது. அவர்கள் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு போவார்கள், வருவார்கள். படப்பெட்டிக்குச் சிவபாதம் அலுமாரியில் யோகராணியின் சேலைத் தட்டை ஒதுக்கினார். சேலைகள் சூட்கேசுக்குப் போயின. மருந்துக்கடையில் பருத்திக் கையுறை வாங்கினார். மீன் பொரியல் நின்றது. கிழமைக்கொரு தரம் கையுறையைப் போட்டு, ஒவ்வொரு முகமாகத் துரு இருக்கிறதா என்று பார்ப்பார். மீசைக்காரனுக்கு மாமா என்று பேரும் வைத்தார், அவருடைய சொந்த மாமனாரின் கடுகடுப்பு அந்த முகத்தில் இருந்ததால்.

தங்கச்சியை மட்டும் அலுமாரிக்குள் பூட்ட அவருக்கு மனம் வரவில்லை. அநியாயமாகச் செத்த பிள்ளை. முன்பின் தெரியாத மீசைக்காரரோடு இருட்டுக்குள் கிடப்பாளா? சாமித்தட்டில், யோகராணியின் படத்துக்குப் பக்கத்தில், பேழையைத் திறந்து வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும்போது அவளுக்கும் காட்டினார். சாம்பிராணியும் போட்டார். மீன் புகைக்குப் பயந்த மனிதருக்குச் சாம்பிராணிப் புகையும் புகைதான் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. சாமிக்குப் போடுவது யாருக்கு என்ன கெடுதல் செய்யப்போகிறது?

நேர்சிங் ஹோமுக்குப் போகும்போதெல்லாம் மரியோவின் முதல் கேள்வி ஒன்றுதான்.

“தங்கச்சி எப்பிடி?”

“நல்ல சுகம்.”

கோடை முடிகிற நேரம் மரியோ அவருடைய கையைப் பிடித்தார். “சிவா, வாற ஞாயிறு அவளை ஒருக்கால் கொண்டு வாரும். எனக்கு முகம் மறக்குது. பாத்திட்டுத் திருப்பித் தந்திடுறன்.”

வெள்ளிக்கிழமை பேழையை வெளிச்சத்துக்கு எடுத்துச் சரித்துப் பார்த்தார். பித்தளைச் சட்டத்தின் ஓரத்திலிருந்து நீலமும் கபிலமுமாக ஒரு கறை உள்ளே இறங்கி, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இது எப்போது வந்தது? சாமித்தட்டின் மங்கலில் அவர் கவனிக்கவேயில்லை. மரியோ என்ன நினைப்பார்? நம்பிக் கொடுத்த பொருளை இந்த ஆள் பார்த்த பார்வை இதுதானா என்று நினைக்கமாட்டாரா?

வெள்ளி கறுத்தால் என்ன செய்வது என்று சிவபாதத்துக்குத் தெரியாதா? தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்க உலோகத்தை மினுக்கியவர். வீட்டில் யோகராணி ஒவ்வொரு வெள்ளியும் குங்குமச் சிமிழையும் வெள்ளி விளக்கையும் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைத்தவள். அவள் போன பிறகு அந்த வேலையை அவர் விடவில்லை. அன்று காலையும் விளக்கைத் தேய்த்திருந்தார். துடைக்காதே என்று மரியோ சொன்னது இரும்புப் படங்களுக்கு. அதில் பூச்சு உரியும். இது அசல் வெள்ளி. உருவம் வெள்ளியிலேயே பொறித்திருக்கும் என்று அவர் நினைத்தார்.

பித்தளை மடிப்பை நோகாமல் நிமிர்த்தி, கண்ணாடியை விலக்கினார். கையுறை போட மறக்கவில்லை. பஞ்சில் ஒரு சிட்டிகை திருநீறு. முதலில் ஓரத்தில் மட்டும். கறை போய், வெள்ளி புதிதாக மினுங்கியது. மனிதருக்கு அப்படியொரு சந்தோசம். கன்னத்துப் பக்கமாக இன்னொரு இழுப்பு இழுத்தார். கன்னத்தைக் காணவில்லை. திருநீறு மூடிவிட்டதாக்கும் என்று, அவளைத் தேடி, மெல்ல மெல்லத் துடைத்தார். துடைக்கத் துடைக்க முடி போனது, வாய் போனது, கதிரையைப் பிடித்த கை போனது. தகட்டில் ஒரு கிழவனின் முகம் வாயைப் பிளந்துகொண்டு அவரையே பார்த்தது.

பழைய படங்களைப் பராமரிக்கிற இடமொன்றுக்குத் தர்சிகா மூலமாக நம்பர் எடுத்துக் கேட்டார். அங்கே இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் படம் வெள்ளிக்குள் இல்லை ஐயா, வெள்ளிக்கு மேலே தூசிபோல் இருந்தது. விரல் பட்டாலே போகும். போனது போனதுதான்.

அந்த ஞாயிறு அவர் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னார். அடுத்த ஞாயிறு சப்வே ஓடவில்லை என்றார். மரியோவுக்காகப் போன் எடுத்துக் கொடுக்கிற நேர்ஸ் பாவம், ஒவ்வொரு பொய்யையும் நம்பினாள். பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்தால் வீடு முன்னைவிட வெறிச்சென்று கிடந்தது. மரியோவிடம் போகாவிட்டால் அவருக்குப் போக வேறு இடமில்லை. சாமித்தட்டுக்கு முன்னால் நிற்கவும் கூச்சமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, மனிதர் வரக்கூடாத ஒரு யோசனையோடு பழஞ்சாமான் சந்தைக்குப் போனார். மரியோவின் கண் இப்போது மங்கல்தானே, இதேபோல் வேறொரு பிள்ளையைக் காட்டினால் தெரியவா போகிறது? தேடித்தேடி ஒரு மேசையில் கண்டும்விட்டார். வெள்ளித் தகடு, சிறுமி, சுருள் முடி. விளிம்பில் பிடித்துச் சரித்துப் பார்த்தார். இந்தப் பிள்ளையின் வாய் இறுக்கமாக இருந்தது, சிரிக்கவே யோசிக்காத வாய். கிழமைக்குக் கிழமை அந்த மற்ற முகத்தைப் பார்த்தவருக்கு இவள் வேறு யாரோ. மரியோவுக்கு இவளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் ஏமாறலாம். ஏமாந்தால் அதைப் பார்த்துக்கொண்டு சிவபாதத்தால் அங்கே இருக்க முடியாது. படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறினார். வெறுந்தகடு பேழையோடு சட்டைப்பையில்தான் இருந்தது. அதை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போக அவரால் முடியவில்லை.

மரியோ யன்னலோரத்தில் சில்லுக் கதிரையில் இருந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதுதான் சிவபாதத்துக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

“தங்கச்சி?”

பேழையைக் கையில் கொடுத்தார். மரியோ திறந்தார். இந்தப் பக்கம் சரித்தார், அந்தப் பக்கம் சரித்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“நான்தான் செய்தனான், மரியோ. ஓரத்திலை கறுத்துப் போச்சு. மினுக்கித் தருவமெண்டு துடைச்சனான்.”

“துடைச்சனீரோ?”

“ஓம்.”

“துடைக்கக் கூடாதெண்டு சொன்னனானே.”

“சொன்னனீர்.”

மரியோ பேழையை மூடி மடியில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஏசினால் பரவாயில்லை என்றிருந்தது சிவபாதத்துக்கு. ஏசவில்லை. பார்வையாளர் போகிற நேரம் வந்ததும், “போம்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறும் சிவபாதம் போனார். மரியோ பேசவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நேர்ஸ் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், இரண்டும் ஆறிப்போகும். வெளியே மரங்கள் பழுத்து இலை கொட்டி முடிந்தது. போகாதேயுங்கோ அப்பா, அவமானமாயில்லையோ என்றாள் தர்சிகா. அவமானம்தான். ஆனால் வீட்டில் இருந்து பேசாமல் இருப்பதைவிட மரியோவுக்குப் பக்கத்தில் இருந்து பேசாமல் இருப்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் பனி கொட்டிய ஞாயிறு, சிவபாதம் மேற்சட்டையைக் கழற்றுமுன்பே மரியோ வாய் திறந்தார். பார்வை யன்னலில்தான்.

“நீர் கிழமைக்குக் கிழமை பாத்தனீரெல்லோ. படத்திலை அவள் எப்பிடி இருந்தவள் எண்டு சொல்லும்.”

சிவபாதம் நின்றபடியே சொன்னார். தெரிந்த இங்கிலீசு போதாமல் கையையும் சேர்த்துக்கொண்டார். வெள்ளைக் கழுத்துப்பட்டி. அதில் ஒரு பொத்தான் கழன்றிருந்தது. இடது புருவம் சற்று மேலே. கதிரையைப் பிடித்த கையில் பெருவிரல் மட்டும் உள்ளே மடிந்திருந்தது, பயத்தில் மடக்கினதுபோல. வாய் சிரிக்கப் பார்த்தது. முடி சுருள் சுருளாகத் தோள்வரைக்கும்.

“சுருள் முடியோ?”

“ஓம். தோள்வரைக்கும்.”

மரியோ கண்ணை மூடினார். அவருக்கு மயக்கம் வருகிறதோ என்று சிவபாதம் பயந்துபோனார்.

“அவளுக்குச் சுருள் இல்லை. முடியே இல்லை சிவா. காய்ச்சலெண்டு அம்மா கத்தரிக்கோலாலை ஒட்ட வெட்டி விட்டவ. அவள் கத்தி அழுதாள். நான் மயிர் வழிச்ச ஆட்டுக்குட்டி எண்டு பழிச்சுச் சிரிச்சனான். அதுக்குப் பிறகு மூண்டு நாளோ நாலு நாளோதான் இருந்தவள். நான் இதை மறந்தே போனன். அந்தப் படத்தைப் பாத்துப் பாத்து என்ரை தங்கச்சியின்ரை முகத்தை நானே அழிச்சுப்போட்டன்.”

அவர் அழுதார். கிழவர்கள் அழுவதுபோல் சத்தமில்லாமல், நிறுத்தவும் தெரியாமல். சிவபாதம் கதிரையை இழுத்துப்போட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு காலமும் கேட்கத் தோன்றாத ஒன்றை அப்போதுதான் கேட்டார்.

“அவவின்ரை பேர் என்ன?”

“றொசீனா.”

“றொசீனா” என்று சிவபாதமும் சொன்னார்.

போகிற நேரம் வந்தது. மரியோ பிடித்த கையை விடவில்லை.

“நாளைக்கும் வாரும். எனக்கு எல்லாம் ஒரேயடியா ஞாபகம் வராது. வர வரச் சொல்லுறதுக்கு ஒராள் பக்கத்திலை வேணும். உமக்கு நாளைக்கு வேலை இருக்குமோ?”

திங்கட்கிழமை. சிவபாதத்துக்குத் திங்களும் வெறுமை, செவ்வாயும் வெறுமை. பெற்ற மகளிடம்கூட அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“எனக்கு ஒரு வேலையும் இல்லை மரியோ. வீட்டிலை ஒருத்தரும் இல்லை. நாள் முழுக்கச் சும்மாதான் இருக்கிறன்” என்றார். “நான் ஒவ்வொரு நாளும் வருவன்.”